கண்ணீர்ப் படமா, களத்துப் படமா?

(ஒரகடம் வட்டாரத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சினிமாவைப் பற்றிப் பேசுவதா, அதுவும் படிப்பு வட்டத்திலா என்று மூத்த தோழர் ஒருவர் முகஞ்சுளித்தார். ஊதிய உயர்வு இருக்கிறது, ஒப்பந்தத் தொழிலாளர் நிலை இருக்கிறது, இவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் சினிமாவுக்கு இங்கென்ன வேலை என்றார். வேலை இருக்கிறது. ஷிப்டு முழுவதும் இயந்திரத்தின் முன்னே நின்று களைத்து, கம்பெனிப் பேருந்திலே ஏறி அமர்ந்ததும் நம் தங்கைமார்கள் கையிலே எடுப்பது எதனை? கைபேசியை. அதிலே காண்பது எதனை? படத்தை. அந்தக் கைபேசியைச் செய்தவளும் அவள், அதிலே ஓடும் படத்தைக் காண்பவளும் அவள். ஆனால், அந்தப் படத்திலே மட்டும் அவள் இல்லை. பேசுவதற்கு இந்த ஒரு காரணம் போதாதா?

மற்றொரு காரணமும் உண்டு. இவ்வட்டாரத்து இளந்தோழர்கள் சிலர் குறும்படம் ஒன்று எடுக்க எண்ணி, எழுதிய கதையைக் கொண்டுவந்து காட்டினர். "எந்த வகைப் படம்?" என்று கேட்டேன். "டிராமா" என்றனர். டிராமா என்றால் எந்த டிராமா என்று மறுபடியும் கேட்டேன். விழித்தனர். அவர்கள் விழித்தது குற்றமன்று. திரைப்படத் தொழிலிலேயே ஊறியவர்கள் பலர், சண்டையும் சிரிப்பும் பேயும் இல்லாத படத்திற்கெல்லாம் டிராமா என்று ஒரே பெயரைச் சூட்டி, ஒரே பரணிலே போட்டு வைக்கிறார்கள். குடும்பக் கதை, நீதிமன்றக் கதை, வரலாற்றுக் கதை, அரசியல் கதை, பக்திக் கதை, தொழிலாளர் கதை எல்லாம் அந்தப் பரணிலேதான் கிடக்கின்றன.

வகுத்துப் பார்ப்பது நமக்குப் புதிதா? தொல்காப்பியர் மெய்ப்பாட்டை எட்டாக வகுத்தார். சிரிப்பும் அழுகையும் மட்டுமன்று, இழிவு கண்டு குன்றும் நெஞ்சுக்கும், சினத்திற்கும், பெருமிதத்திற்கும் தனித்தனியே இடம் கொடுத்தார். கிரேக்கத்து அரிஸ்டாட்டில் துன்பியல், இன்பியல் என்று பிரித்தார். ஆனால், மெய்ப்பாட்டைக் கொண்டு மட்டும் இன்றையப் படத்தை அளந்துவிட முடியாது. அழுகை எல்லாப் படத்திலும்தான் இருக்கிறது. ஆகவே நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். சண்டை எந்த இடத்திலே நடக்கிறது? அதனைத் தீர்த்து வைப்பவர் யார்? இந்த இரண்டிற்கும் விடை தெரிந்துவிட்டால், படத்தின் வகையும் தெரிந்துவிடும்; அந்த வகை யாருக்குப் பயன்படும் என்பதும் தெரிந்துவிடும்.

1931இல் 'காளிதாஸ்' வந்து தமிழ்த்திரை பேசத் தொடங்கிற்று. தொடங்கிய பின்னர் பல ஆண்டுகள் அது பேசியதெல்லாம் புராணம். அங்கே சண்டை எங்கே நடப்பினும் தீர்ப்பு வானத்திலிருந்து வரும். நம் ஸ்ரீபெரும்புதூருக்கே அந்த வகையில் ஒரு படம் உண்டு என்பதைத் தோழர்கள் பலர் அறியார். இந்த ஊரிலே பிறந்த இராமானுசரின் கதையை, ஏ. நாராயணன் இயக்கத்தில் 1938இல் 'ஸ்ரீ ராமானுஜர்' என்ற பெயரில் படமாக்கினர். சங்கு சுப்பிரமணியம் இராமானுசராக நடித்தார். வ.ரா. அதற்கு வசனம் எழுதினார். பூணூலைத் துறந்த, சாதியை வெறுத்த அந்த வ.ரா. பக்திப் படத்திற்கு ஏன் பேனா பிடித்தார்? ஒருவர்க்கு மட்டும் என்று மறைத்து வைத்த மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேலேறி ஊரார்க்கெல்லாம் உரைத்த கதையல்லவா அது! பக்திப் பானைக்குள்ளே சீர்திருத்தச் சோறு வேகும் என்று அவர் கண்டிருக்க வேண்டும். வகை என்பது பானைதான், உள்ளே எதைச் சமைப்பது என்பது சமைப்பவர் கையிலே இருக்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இதே ஊர் வேறொரு வகைப் படத்திலும் இடம் பெற்றது. 1991 மே 21 அன்று இங்கே நடந்த ராஜீவ் காந்தி படுகொலையை வைத்து ஆர்.கே. செல்வமணி எடுத்த 'குற்றப்பத்திரிகை', தணிக்கையில் சிக்கி, நீதிமன்றப் படியேறி, 2007இல்தான் வெளிவந்தது. ஆக, ஸ்ரீபெரும்புதூர் என்றதும் திரைக்குத் தெரிந்தவை இரண்டு: ஒன்று பிறப்பு, மற்றொன்று படுகொலை. இடையிலே 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உருண்டு வெளிவந்த கதை, 2006இல் வந்து 2014 நவம்பரில் கதவடைத்துப்போன நோக்கியா ஆலையின் கதை, ஏரிகளும் வயல்களும் சிப்காட் ஆன கதை ஆகியவற்றைத் திரை இன்னும் தன் கதையாக்கிக் கொள்ளவில்லை.

அரச கதைகளையும் மந்திரக் கதைகளையும் விரித்துரைக்க நேரமில்லை. 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை இன்றும் பார்க்கலாம், பார்த்துவிட்டு மகிழலாம், அவ்வளவுதான். சமூகக் கதைக்கு வருவோம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல் 1935இல் 'மேனகா' என்ற படமாயிற்று. டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்தனர். கிரீடம் இறங்கிற்று, வேட்டியும் புடவையும் திரையேறின. 1939இல் கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாகபூமி'யை வெள்ளை அரசு தடை செய்தது. 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி' என்று வரிசை நீண்டது. இவற்றில் சண்டை நடக்கும் இடம் ஊர். தீர்க்கும் இடமோ பெரும்பாலும் நீதிமன்றக் கூண்டு. கூண்டிலே நின்று குற்றவாளியே குற்றஞ்சாட்டும் காட்சிக்குத் தமிழனிடம் உள்ள மயக்கம் நேற்றையதன்று. பாண்டியன் அவையிலே கண்ணகி சிலம்பை உடைத்த நாளிலிருந்து வருவது. வாதாடும் வாய் நமக்கு வேண்டும். தோழர்களே, அதனை நான் குறைத்துக் கூறேன்.

இனி, குடும்பப் படம். இதிலேதான் சற்று நிற்க வேண்டும். ஏனெனில், நம் வீடுகளிலே இரவு உணவோடு உண்ணப்படுவது இதுவே. 1961இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் வந்த 'பாசமலர்' படத்தைக் காணாத வீடு உண்டா? அண்ணன் தங்கைப் பாசம் என்று சொல்லிக் கண்ணீர் உகுக்கிறோம். உகுக்கலாம், நானும் உகுத்தவன்தான். ஆனால், அந்தக் கண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கதை தொடங்கும் இடம் ஆலை. அண்ணன் ஒரு தொழிலாளி. ஆலை மூடப்படுகிறது, பிழைப்புப் போகிறது. தங்கை பொம்மை செய்து சேர்த்த பணத்தைக் கொடுக்க, அதை முதலாக வைத்து அண்ணன் வளர்கிறான், முதலாளியாகிறான். பழைய நண்பன் அவனிடமே வேலைக்கு வருகிறான், தொழிலாளர் உரிமைக்காக நிற்கிறான். முதலாளிக்கும் தொழிலாளர் தலைவனுக்கும் மோதல். அடுத்து என்ன நடக்க வேண்டும்? பேச்சுவார்த்தை, வேலைநிறுத்தம், உடன்பாடு. படத்தில் நடப்பது என்ன? திருமணம்! தொழிலாளர் தலைவன் முதலாளிக்கு மைத்துனன் ஆகிறான். அதன்பின் ஆலை எங்கே போயிற்று, அந்தத் தொழிலாளர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கூலிச் சண்டையாகத் தொடங்கியது குடும்பச் சண்டையாகிவிட்டது. சூழ்ச்சி செய்யும் அத்தை ஒருத்தி வந்து பழி முழுவதையும் சுமந்துகொள்கிறாள்.

இதனைப் பீம்சிங்கின் குறையென்று கூற மாட்டேன். அவர் எடுத்துக்கொண்ட வகை அப்படி. குடும்பப் படத்தின் இயல்பே, வெளியிலே உள்ள சண்டையை வீட்டுக்குள் இழுத்து வந்து இரத்த பந்தத்தால் தீர்ப்பது. 1992இல் வந்த 'மன்னன்' படத்தைப் பாருங்கள். முப்பது ஆண்டு இடைவெளி, அதே சாவி. தொழிற்சங்கத் தலைவன் ஆலையின் உரிமையாளப் பெண்ணையே மணக்கிறான். மாப்பிள்ளை ஆகாமல் உரிமை வராதோ என்று தோன்றுகிறது. சங்கம் வைத்தவர்கள் எல்லோரும் முதலாளி வீட்டில் பெண்ணெடுப்பது என்றால், சிப்காட்டில் அத்தனை முதலாளிக்கும் பெண் இருக்க வேண்டுமே!

வீரநாயகப் படம் இதற்கு அடுத்த வீடு. அங்கே சண்டை ஆலையிலேதான் நடக்கும், ஆனால் தீர்ப்பவர் ஒருவர். அவர் ஓங்கினால் வாயிற்கதவு திறக்கும். மற்றவர் எல்லாரும் கைதட்டுவர். இளந்தோழர்கள் எழுதிய கதையின் முதற்படி இந்த வகையைச் சேர்ந்தது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் மேலாளரை அறைகிறான், நிர்வாகம் பணிகிறது. நான் அவர்களிடம், அறைந்த மறுநாள் என்ன நடக்கும் என்று மட்டும் கேட்டேன். அடையாள அட்டை வாயிலிலே வேலை செய்யாது. அவ்வளவுதானே? சிரித்துவிட்டார்கள். அந்தப் படியைக் கிழித்துவிட்டு இரண்டாம் படி எழுதினார்கள். அதிலே விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண் ஒருத்தி, துன்பம் தாங்காது இறுதியில் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். முன்னது கைதட்டல், பின்னது கண்ணீர்.

இந்த இரண்டாம் படிக்கு அவர்கள் முன்மாதிரியாகக் கூறியது 2010இல் வந்த 'அங்காடித் தெரு'. வசந்தபாலன் இயக்கியது. தென்பாண்டிச் சிற்றூர்ப் பிள்ளைகளைச் சென்னைத் துணிக்கடைக்கு ஆள்பிடித்து வந்து, அடைத்து வைத்து, நிற்க வைத்து வேலை வாங்கும் கதை. சாப்பாட்டுக் கூடத்தில் முண்டியடிக்கும் அந்தக் காட்சி நம் வட்டாரத்துப் பெண்களுக்குப் புதிதன்று. நல்ல படம், நான் மதிக்கும் படம். துரையின் 'பசி'யையும் (1979) பாலாவின் 'பரதேசி'யையும் (2013) அதனோடு வைப்பேன். இவற்றில் சண்டை நடக்கும் இடம் உழைக்கும் இடம், பொய் இல்லை. தீர்ப்பவர் யார்? ஒருவரும் இல்லை. உண்மையைக் காட்டிவிட்டு, வழியில்லை என்று கைவிரிக்கும். இதற்கு நடப்பியல் நாடகம் என்று பெயரிட்டால் பொருந்தும். நகரத்து நல்லவர்களுக்கு அது வேண்டும், அவர்கள் அறியட்டும். ஆனால், ஏற்கெனவே அதனுள் வாழ்ந்துகொண்டிருப்பவளுக்கு, "உன் வாழ்வு இவ்வளவு துயரமானது" என்று காட்டிக் கொடுப்பதால் என்ன பயன்? அவளுக்குத் தெரியாததா?

அந்த வகையிலும் ஒரு படம் என்னை உறங்கவிடாமல் செய்தது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). சொந்தமாய்ச் சிறிது நிலம் வாங்க வேண்டும் என்ற ஒரே கனவோடு மலையில் மூட்டை சுமப்பவன், நிலத்தை வாங்கி, இழந்து, முடிவில் அதே மண்ணில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக அமர்கிறான். அழுகை இல்லை, வசனம் இல்லை. வல்லத்திலும் ஒரகடத்திலும் சீருடையணிந்து வாயிலிலே நிற்கும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "உள்ளே அந்த ஷெட்டு இருக்கிறதே, அது எங்கள் கொல்லைமேடு" என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்!

சரி, தீர்ப்பவர் வானமும் இல்லை, நாயகனும் இல்லை, மைத்துனனும் இல்லை, ஒருவருமே இல்லை என்பதும் இல்லை. கூடி நின்றவர்களே தீர்த்தார்கள் என்று சொல்லும் வகை உண்டா? உண்டு. அதைத்தான் களத்துப் படம் என்கிறேன். சோவியத்து நாட்டில் ஐசன்ஸ்டைன் 1925இல் எடுத்த 'வேலைநிறுத்தம்' படத்தில் கதாநாயகனே கிடையாது. கூட்டம்தான் நாயகன். ஆனால் அதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. கூட்டத்தைக் காட்டிய வேகத்தில், கூட்டத்திலே நின்றவனின் வீட்டை அது போதுமான அளவு காட்டவில்லை.

தமிழிலே இந்த முயற்சி 1960இல் நடந்தது. 'பாதை தெரியுது பார்'. இயக்கியவர் வங்கத்து நிமாய் கோஷ். பிரிவினையால் வேரறுந்த மக்களைப் பற்றிச் 'சின்னமூல்' எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தவர். இசை எம்.பி. சீனிவாசன். ஜெயகாந்தன் அதற்குப் பாட்டு எழுதினார். கே. விஜயன் கதாநாயகன். தொழிலாளரையும் சங்கத்தையும் கதையின் நடுவே வைத்த அந்தப் படத்தின் பாட்டு நின்றது, படம் அரங்குகளிலே நிற்கவில்லை. முதல் போட்டவர்கள் கைசுட்டார்கள். ஆனால் எடுத்தவர்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. நிமாய் கோஷும் சீனிவாசனும் திரைத் தொழிலாளர்களுக்கே சங்கம் கட்டுவதில் முன்னின்றார்கள். விளக்குப் பிடிப்பவனுக்கும் வயலின் வாசிப்பவனுக்கும் கூலி ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்ற போராட்டத்தில் அவர்கள் பங்கு பெரிது. திரையிலே தோற்ற கதையைத் திரைக்குப் பின்னே வென்றார்கள் எனலாம். கதாநாயகன் விஜயனோ பின்னாளில் இயக்குநராகி, 1984இல் 'விதி' என்ற நீதிமன்றப் படத்தை எடுத்தார். அதன் வசனத்தை ஒலிநாடாவிலே போட்டு ஊரெங்கும் கேட்டார்கள். ஒரே மனிதர், களத்துப் படத்தில் கண்ட தோல்வி, கூண்டுப் படத்தில் கண்ட வெற்றி. தமிழ் மக்கள் எந்த வகைக்குப் பழகியிருந்தார்கள் என்பதை இதைவிட யார் விளக்கிவிட முடியும்?

அமெரிக்காவிலே 1954இல் 'மண்ணின் உப்பு' என்றொரு படம் வந்தது. நியூ மெக்சிகோ துத்தநாகச் சுரங்கத்தில் நடந்த வேலைநிறுத்தக் கதை. சுரங்கத் தொழிலாளர் மறியல் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் தடைபோடுகிறது. ஆண்கள் நின்றால்தானே தடை? அவர்களுடைய மனைவியர் மறியல் வரிசையிலே நிற்கிறார்கள். ஆண்கள் வீட்டில் துணி துவைக்கிறார்கள், அடுப்பு மூட்டுகிறார்கள், அப்போதுதான் குழாய்த் தண்ணீர் கேட்ட மனைவியின் கோரிக்கையும் ஊதியக் கோரிக்கைக்கு ஈடானது என்று அவர்களுக்கு உறைக்கிறது. நடித்தவர்களுள் மிகப் பலர் உண்மைத் தொழிலாளர்கள். இயக்கிய பைபர்மன், ஆலிவுட்டில் விலக்கி வைக்கப்பட்டவர். நாயகியாக நடித்த மெக்சிகோ நடிகையைப் படம் முடியுமுன்னே நாடு கடத்தினார்கள். அரங்குகள் படத்தை ஏற்க மறுத்தன. எந்தப் படத்தை இவ்வளவு அஞ்சுவார்கள்? வகையைக் கவனியுங்கள், அது களத்துப் படம் மட்டுமன்று, குடும்பப் படமும்கூட. சண்டை ஆலை வாயிலிலும் நடக்கிறது, சமையற்கட்டிலும் நடக்கிறது. பீம்சிங் படத்தில் வேலைநிறுத்தம் வீட்டுக்குள் வந்து கரைந்தது. இதிலே வீடு எழுந்து வேலைநிறுத்தத்திற்குள் போயிற்று.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவிற்று. உண்மை சொல்வாரில்லை என்று எண்ணிய ஆயிரக்கணக்கான பெண்கள், சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையிலே வந்து அமர்ந்தனர். பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர், வீட்டில் அப்பா முன்னே நின்று பேசியறியாதவர்கள். ஆலை பல நாள் மூடிக் கிடந்து, 2022 சனவரியில்தான் திறந்தது. அதன்பின் விடுதிகள் பேசுபொருளாயின. 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. அந்த ஆண்டே செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, சாம்சங் தொழிலாளர் ஏறத்தாழ 1,500 பேர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பந்தலைப் பிரித்தபோதும் இடத்தை விட்டு எழவில்லை. முதற்கோரிக்கை சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது. 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று.

37 நாளும் பந்தலிலே நடந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. அந்த 37 இரவும் வீட்டிலே நடந்ததை யார் எழுதினார்? வீட்டுக்கடன் தவணை, குழந்தையின் பள்ளிக் கட்டணம், "அவன் வேலைக்குப் போகிறானாமே, நீ மட்டும் ஏன்" என்று கேட்கும் மாமியார், ஊரிலிருந்து கைபேசியில் அழும் அம்மா. வேலைநிறுத்தம் உடைவது வாயிலிலே அன்று, தோழர்களே, அடுப்படியிலே உடைகிறது. நிற்பதும் அங்கிருந்துதான் நிற்கிறது. ஆகையினால்தான் குடும்பப் படத்தை இகழாதீர்கள் என்று சொல்கிறேன். நம் அம்மாமார்களுக்குப் புரியும் பானை அதுதான். வ.ரா. பக்திப் பானையைக் கண்டு ஒதுங்கினாரா?

இளந்தோழர்களுக்கு நான் சொன்ன திருத்தம் இதுதான். அறையும் கையும் வேண்டாம், தூக்குக் கயிறும் வேண்டாம். கதை விழுப்புரத்துப் பக்கத்துச் சிற்றூர் வீடு ஒன்றிலே தொடங்கட்டும். மகள் அனுப்பும் பணத்தில் அண்ணனின் படிப்பு நடக்கிறது. ஒருநாள் வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது, "உங்கள் மகளுக்கு அறிவுரை கூறுங்கள்" என்று. அம்மா பேருந்தேறிப் புறப்படுகிறாள், மகளைக் கையோடு அழைத்துப்போக. சுங்குவார்சத்திரத்தில் இறங்குகிறாள். மகளின் அறையைப் பார்க்கிறாள். தரையிலே விரித்த பாயைப் பார்க்கிறாள். அன்றிரவு அங்கேயே படுக்கிறாள். மற்றப் பெண்கள் அவளிடம் ஒருவர் பின் ஒருவராகப் பேசுகிறார்கள். காலையில் அம்மா என்ன செய்கிறாள் என்பதை எழுதும் பொறுப்பை நான் ஏற்கவில்லை. விடுதியிலே இருக்கும் தங்கைமார்களிடம் கேட்டு எழுதச் சொன்னேன். நகைச்சுவையும் இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தை மிச்சப்படுத்த ஊட்டும் இயந்திரத்தைத் தொழிலாளி மேல் சோதித்துப் பார்த்த முதலாளியைச் சாப்ளின் 1936இலேயே எள்ளி நகையாடவில்லையா? நம் கேன்டீனில் அதற்குப் பொருள் குறைவா என்ன?

நடைமுறைக்கு வருகிறேன். ஆலைக்குள்ளே படம் எடுக்க ஆலை இடங்கொடாது. எனவே பேருந்து, விடுதி, வீடு, தேநீர்க்கடை ஆகிய நான்கு இடங்களிலே கதையை முடித்துக்கொள்ளுங்கள். கருவி வாங்கப் பணம் திரட்ட வேண்டா. கைபேசி போதும், ஒலிவாங்கி மட்டும் நல்லதாக வாங்குங்கள். பெரிய இடர் ஒன்று உண்டு. முகத்தைக் காட்டி நடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் வேலைக்கு யார் பொறுப்பு? அந்தச் சுமையை எந்தத் தங்கையின் தலையிலும் ஏற்றக்கூடாது. வேலையில் இருப்போர் குரல் கொடுக்கட்டும். முகத்தைக் கொடுக்க, ஒப்பந்தம் முடிந்து வெளியேறிய பெண்கள் இந்த வட்டாரத்திலேயே நிரம்ப இருக்கிறார்கள். அம்மாவாக நடிக்க இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த அம்மையார் இருவர் இசைந்திருக்கிறார்கள். ஒத்திகை அடுத்த ஞாயிறு, பகல் ஷிப்டுக்காரர்களும் இரவு ஷிப்டுக்காரர்களும் சேர்ந்து வரக்கூடிய மாலை நான்கு மணிக்கு. பெயர் கொடுக்க விரும்புவோர், கூட்டம் கலையுமுன் படிப்பு வட்டச் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுங்கள்.